நான் பயப்படாத அடுப்பு

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்று சொல்வது என் மரியாதைக்காக. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பார்ப்பேன். லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன். ஸ்கூட்டியில் லாரிக்குப் பின்னால் போகிறபோது லாரிக்கு முன்னால் என்ன வருகிறதோ என்று கவலைப்படுவேன். தாமலில் எங்கள் தெருவில் எனக்குப் பெயரே பயந்தாங்கொள்ளி துளசி. நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டேன் என்றால் அங்கே இன்னும் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு நெருப்போடு வேலை. சின்ன காஞ்சிபுரத்தில் சம்பத்குமார் சார் என்று ஒருவர். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தன் வீட்டுக் கொல்லையில், முன்பு மாடு கட்டியிருந்த தகரக் கொட்டகையில், அடுப்புகளைச் சோதிக்க ஒரு மேடை அமைக்க வேண்டும் என்று கிளம்பினார். புது மாதிரி அடுப்பு செய்கிற சின்னப் பட்டறைக்காரர்கள் அதற்காக வெளியூருக்கு அலைய வேண்டாமே என்பது அவர் எண்ணம். அதை வரைந்து, வெட்டி, பொருத்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்.

மேடை என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே ஓர் எடை மெஷின், அதன் மேல் அடுப்பு. எரிய எரிய விறகு எவ்வளவு குறைகிறது என்று மெஷின் காட்டும். அடுப்பின் மேல் பாத்திரத்தில் தண்ணீர், தண்ணீருக்குள் சூடு பார்க்கும் கம்பி. அதற்கும் மேலே, கவிழ்த்து வைத்த புனல் மாதிரி ஒரு தகரக் கூண்டு. அது புகையைப் பிடித்து ஒரு குழாய்க்குள் அனுப்பும். குழாயின் கடைசியில் ஒரு ஃபேன், புகையை இழுத்து வெளியே தள்ளுவதற்கு. நடுவழியில் புகையில் கொஞ்சம் எடுத்து மீட்டர்களுக்குக் கொடுப்போம். கரித்துகள் எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அவை சொல்லும்.

அந்த மோனாக்சைடுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கண் எரியாது, இருமல் வராது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். இதைப் படித்த அன்றிலிருந்து கொட்டகைக்குள் எனக்குத் தலை வலிக்காத நாளே இல்லை. பாதி வெயிலால், மீதி பயத்தால்.

"துளசிம்மா, அடுப்பை இன்னும் பத்தவே வைக்கலை. அதுக்குள்ள தலையைப் பிடிச்சுண்டு உக்காந்தா எப்படி?" என்பார் சார்.

அதனால் ஃபேன் விஷயத்தில் நான் கறாராக இருந்துவிட்டேன். நாங்கள் முதலில் வரைந்த படத்தில் இருந்தது சின்ன ஃபேன். என் பயத்துக்கு அது காணாது. கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் போடுகிற பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கி வந்து பொருத்தினேன். சுவிட்சைப் போட்டால் கொடியில் காய்கிற சாரின் துண்டு கூண்டுப் பக்கமாக ஆடும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கூண்டின் விளிம்பைச் சுற்றிக் காட்டிப் பார்த்தேன். ஓர் இழை புகைகூட வெளியே தப்பவில்லை. எல்லாம் விறுவிறுவென்று உள்ளே போனது. சார் கைதட்டினார். இனி இதன் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாக இருந்தது. ஊதுபத்தியை அடுப்பின் வாய்க்குப் பக்கத்திலும் காட்டிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முதலில் சோதனைக்கு வந்தது தாமலில் பட்டறை வைத்திருக்கும் ராமராஜன் செய்த புகையில்லா அடுப்பு. வாளி உயரம்தான் இருக்கும். மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னக் கட்டிகளைப் போட்டு எரிக்க வேண்டும். எங்கள் மேடையில் அது ராஜா மாதிரி எரிந்தது. தீ நிமிர்ந்து நின்றது, புகை கண்ணில் படவே இல்லை, மோனாக்சைடு மீட்டர் ஏற மாட்டேன் என்றது. மறுபடி மறுபடி எரித்தோம். ஒவ்வொரு தடவையும் அதே நல்ல பெயர். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நெருப்பின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றேன். ராமராஜனுக்கு ஒரே சந்தோஷம். மாதிரிக்குச் செய்ததில் ஒன்றை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அதை நான் திரிஷாவுக்குக் கொண்டுபோனேன்.

திரிஷா எங்கள் தெருப் பெண். என்னைவிடச் சின்னவள். அக்கா அக்கா என்று என் பின்னாலேயே சுற்றியவள். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற ஆதிகேசவனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அவள் வீட்டில் அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். மாசமாக இருந்தபோது வளையல் போடக்கூடத் தாய் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பொன்னி பிறந்த பிறகும் வரவில்லை. தாமலிலிருந்து அவள் வீட்டுக்குப் போய் வருகிற ஒரே ஆள் நான்தான். சீர் என்று ஏதாவது ஒன்று அவள் வாசலில் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாக்கா, சீருன்னு அடுப்ப தூக்கிக்கினு வந்து நிக்கிற?" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியிருந்தது. "வெடிச்சிடாதே இது?"

"வெடிக்காது. நானே எத்தனையோ வாட்டி எரிச்சிப் பாத்துட்டேன். பயமே இல்ல."

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு ஆதிகேசவன் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "துளசியே பயமில்லன்னுது. எழுதி வச்சிக்கணும்," என்றார். மூவரும் சிரித்தோம். சமைக்கும்போது அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்து வைக்கும்படி சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

நெசவுக்காரர்களின் மழைக்காலம் எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழிக்குள் ஈரம் ஊறும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூலைப் பாவு என்பார்கள். அது நமத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டும், அறுந்து அறுந்து உயிரை வாங்கும். அதனால் பாவுக்கு அடியில் கரி நெருப்பு வைத்து இதமாகக் காய வைப்பார்கள். ஆனால் புகை பட்டால் சரிகை கறுத்துப்போகும். அந்தப் பயத்தில் நெருப்பு வைக்கிற நேரமெல்லாம் கதவையும் ஜன்னலையும் திறந்து போடுவார்கள். திறந்தால் ஈரக்காற்று, மூடினால் புகை. மழை விடுகிற வரை அந்த வீடுகளில் இதே திண்டாட்டம். திரிஷா வீட்டிலேயே இதைப் பார்த்திருக்கிறேன். புகைக்குப் பயந்துதான் அவர்கள் கதவைத் திறந்து வைக்கிறார்கள், புகையில்லாத அடுப்பைக் கொடுத்தால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று மட்டும் என் மண்டையில் உறைக்கவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே அடைமழை. ராமராஜன் செய்த அதே மாதிரி இன்னொரு அடுப்பை மேடையில் ஏற்றி எரித்துக்கொண்டிருந்தோம். சாரல் அடிக்கிறதென்று சார் கொட்டகைக் கதவைச் சாத்தினார். தண்ணீர் கொதிக்கத் தொடங்குகிற நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் முனகிக்கொண்டே சுற்றி நின்றது.

என் கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன மோனாக்சைடு மீட்டர் தொங்கும். பேட்டரியில் ஓடுவது. தாலியைக்கூட இப்படிப் பத்திரமாக யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று சார் கேலி செய்வார். அதுவரை ஒரு நாளும் அது வாயைத் திறந்ததில்லை. ஃபேன் நின்ற கொஞ்ச நேரத்தில் அது அலற ஆரம்பித்தது.

அடுப்பைப் பார்த்தேன். நிமிர்ந்து நின்ற தீ படுத்துவிட்டது. உள்ளே செக்கச்செவேலென்று கங்கு. கண்ணுக்குத் தெரிந்தவரை புகை ஒன்றுமே இல்லை. மீட்டரில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. சாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் குதித்தேன்.

"கதவு சாத்தியிருக்கோன்னோ, அதான்," என்றார் சார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ஃபேன் வேற நின்னுடுத்து. இதுல பயப்பட என்ன இருக்கு?"

"வீட்டுல யாரு சார் ஃபேன் வச்சிருக்காங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஃபேன் இரைந்தது. அடுப்பில் படுத்திருந்த தீ சட்டென்று எழுந்து நின்றது. வாசலில் நனைந்தபடி இருவரும் அதைப் பார்த்தோம். என் ஃபேன் புகையை மட்டும் இழுக்கவில்லை. அடுப்புக்குள்ளும் காற்றை இழுத்துவிட்டு அதை எரிய வைத்துக்கொண்டிருந்தது. ஊதுகுழல் வைத்து விடாமல் ஊதினால் எந்த அடுப்புதான் நன்றாக எரியாது. எனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் வைத்த ஃபேன், அடுப்புக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது.

"பெருமாளே," என்றார் சார் மெதுவாக.

திரிஷாவிடம் அடுப்பைத் தொடாதே என்று சொல்ல ஃபோனை எடுத்தேன். அவளிடமிருந்து ஏற்கெனவே ஒரு படமும் குரல் செய்தியும் வந்து கிடந்தன. ஃபேன் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்கவில்லை.

படத்தில் அவர்களுடைய தறி அறை. பாவுக்கு அடியில் என் அடுப்பு, உள்ளே சிவப்பாகக் கங்கு. ஜன்னல் சாத்தி, இடுக்கில் சாக்கு அடைத்திருந்தது. ஓரமாக உத்தரத்தில் கட்டிய தூளியும் தெரிந்தது.

"அக்கா, உன் அடுப்பு சூப்பரா இருக்குது. ஒரு துளி பொக இல்ல. சரிகைக்கு ஒண்ணும் ஆவல. கதவு, ஜன்னல் அல்லாத்தையும் சாத்திட்டேன். பாவு சும்மா மொறமொறன்னு காயுது. பாப்பாவும் கதகதப்பா தூங்கிக்கினு இருக்குறா."

அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டேன். குழந்தை தூங்குகிறதென்று சத்தத்தை அடைத்து வைத்திருந்தாளோ என்னவோ, அடித்து அடித்து ஓய்ந்தது. ஆதிகேசவன் ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். பக்கத்து வீட்டு எண் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். தெருப் பேரைச் சொல்லிட்டு நீ கிளம்பு," என்றார் சார்.

தூறல் போட்டாலே ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள் நான். அன்றைக்கு அடைமழையில் முறுக்கினேன். ரங்கசாமிக்குளம் தாண்டியதும் ரோடு முழுக்கத் தண்ணீர். குழி எது, சாக்கடை எது என்று தெரியவில்லை. புடவைக் கடைகளின் வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார்கள். தலை வலிக்கும், தூக்கம் வரும் என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பெரியவர்களைவிடக் குழந்தைக்குச் சீக்கிரம் ஏறும் என்று எங்கேயோ படித்ததும் நினைவுக்கு வந்தது. படித்ததையெல்லாம் மறந்து தொலைக்கக் கூடாதா என்று அழுதேன். பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்ததும் வண்டி தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டது. திரிஷா வீட்டிலிருந்து மட்டும் கேட்கவில்லை.

முன் அறையில் ஆதிகேசவன் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் தறி அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில், ஈரக்காற்று புகாமல் இருக்கப் பழைய புடவை ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"இன்னா மா, இப்டி நனைஞ்சிக்கினு வர்ற?"

"திரிஷா எங்க?"

"உள்ளதான். தல வலிக்குதுன்னா. கொயந்த தூங்குதுல்ல, அவளும் சாஞ்சிருப்பா. எழுப்பாத மா, ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல அவளுக்கு."

நான் கதவை நோக்கிப் போனேன். அவர் எழுந்து குறுக்கே வந்தார். கோபமாக இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார்.

"கதவ தொறக்காத மா. ஈரக்காத்து பூந்துட்சின்னா பட்ட பாடெல்லாம் வீணாப் பூடும். கல்யாணப் பொடவ அது. கொஞ்சம் உக்காரு, அவளே வருவா."

அவள் வர மாட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் இதுவரை யாரையும் தள்ளியதில்லை; பஸ்ஸில்கூட வழி விடுகிறவள். இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். கதவைத் திறந்தேன்.

கழுத்தில் மீட்டர் அலறியது. கொட்டகையில் அலறியதைவிடக் கூடுதலாக அலறியது. உள்ளே போகாதே என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அதற்காகத்தான் அதை நான் மாட்டியிருந்தேன். என் கால்கள் பின்னால் போகப் பார்த்தன. அந்த ஒரு நொடி நான் வாசலில் நின்றேன் என்பது உண்மை.

அறைக்குள் ஒரு புகை இல்லை, ஒரு நாற்றம் இல்லை. பட்டும் சரிகையும் பளபளவென்று இருந்தன. கதகதப்பாக, படுத்துத் தூங்கலாம் போல இருந்தது. திரிஷா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நெய்த புடவை சுற்றியிருந்த கட்டையின் மேல் தலை சாய்த்திருந்தாள். உதடு நல்ல சிவப்பாக இருந்தது. அது நல்ல நிறம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். தூளியைப் பிரித்துப் பொன்னியை எடுத்தேன். தலை என் கையில் துவண்டு தொங்கியது.

"வெளிய கொண்டு போங்க. மழையா இருந்தாலும் பரவால்ல, தெருவுக்குக் கொண்டு போங்க."

ஆதிகேசவன் குழந்தையை வாங்கினார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓடினார். நான் ஜன்னலில் அடைத்திருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்து, ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்தேன். மழைக்காற்று அடித்துக்கொண்டு உள்ளே வந்து பாவின் மேல் விழுந்தது. திரிஷாவின் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கால் குழிக்குள் மிதிக்கட்டையில் மாட்டியிருந்தது. எனக்கே தலை கிறுகிறுத்தது. ஆதிகேசவன் திரும்பி வந்து குழியில் இறங்கித் தூக்காமல் இருந்திருந்தால் நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. தறிச் சத்தமெல்லாம் நின்றுபோயிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் குழந்தையை மடியில் போட்டு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பொன்னி அழவில்லை. மழை முகத்தில் விழுகிறது, அப்போதும் அழவில்லை. அழு, அழு என்று நான் கெஞ்சினேன். ஆதிகேசவன் திரிஷாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். என் அடுப்பு என்ன செய்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. நான்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது அதற்கும் பயமாக இருந்தது.

சார் அனுப்பிய ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கை வைத்தார்கள். அது அவள் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. அதன் பிறகு ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் நிறுத்தவே இல்லை.

திரிஷா கண்ணைத் திறக்கச் சாயங்காலம் ஆனது. இருவரும் பிழைத்துவிட்டார்கள், ஆனால் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும், குழந்தைக்கு இன்னும் சில பரிசோதனைகள் உண்டு என்று டாக்டர் சொன்னார். ஆதிகேசவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபேனைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து வராந்தாவின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார். சார் ஃபோனில் கூப்பிட்டு, ராமராஜனிடம் பேசிவிட்டதாகவும், அவரிடம் இருக்கும் அடுப்பு எதுவும் இனி வெளியே போகாது என்றும், ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டதாகவும் சொன்னார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை நிற்கவில்லை.

"ஜன்னலத் தொறந்து வைன்னு சொன்னேனே டி."

"சொன்ன," என்றாள். நாக்கு இன்னும் குழறியது. "ஆனா பயமே இல்லன்னும் சொன்னியேக்கா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"வெவரம் தெரிஞ்சதுலேர்ந்து உன்ன பாக்குறேன். பட்டாசுன்னா பயம், கேஸுன்னா பயம், நாயின்னா பயம். நீயே பயப்படாத அடுப்பு. நான் இன்னாத்துக்குக்கா பயப்படணும்?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். அதனால்தான் என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.